கண்ணில் ஏறிய மஞ்சள்

இன்று காலை தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் கலந்தோம். ஆவியோடு எழுந்த புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. அழவெல்லாம் இல்லை. பட்டு நூலை எடுத்து முக்கினேன்.

இருபது வருடம் ஒரே சாயப்பட்டறையில் எதிரெதிரே நின்றோம். அதனால்தான் ஏமாந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. உன் உடம்பு சொன்ன ஒவ்வொன்றுக்கும் நம் வேலையிலேயே ஒரு காரணம் தயாராக இருந்தது. முதுகுவலியா, ஈர நூலை முறுக்கிப் பிழிகிறாய். அரிப்பா, சாயம் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போகிறது என்றாய். கொதிக்கும் தொட்டியருகே நின்றால் அப்படித்தான், தண்ணீர் குடி என்றேன். வீட்டில் யாருக்கும் இல்லாத சர்க்கரை உனக்குத் திடீரென்று வந்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சர்க்கரை வந்தால் இளைக்கும் என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

உன் உள்ளங்கை மஞ்சளை யாரும் கவனிக்கவில்லை. பட்டறையில் யாருடைய கைதான் மஞ்சளாக இல்லை? ஆனால் கண்ணின் வெள்ளையில் அது ஏறியதை நான் பார்த்தேன்.

"இன்னாடா, கண்ணையும் சாயத்துல முக்கிட்டியா?"

"வேலய பாருடா, தண்ணி ஆறிகினு இருக்குது," என்று சிரித்தாய்.

பத்து மஞ்சளை அருகருகே வைத்தாலும் பேதம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காமாலை என்று பச்சிலை மருந்துக்கு உன்னை வண்டியில் அழைத்துப் போனதும் நான்தான். ஒரு மாதம் பத்தியம் இருந்தாய். மேலும் இளைத்தாய், பழியைப் பத்தியத்தின் மேல் போட்டோம். கடைசியில் வேலூரில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் அதட்டவில்லை. "வயித்துவலி இல்லாம காமாலை வந்து, உடம்பும் இளைச்சா உடனே கணையத்தைப் பாக்கணுங்க. முன்னாடியே வந்திருந்தா ஆபரேஷனுக்கு வாய்ப்பு இருந்திருக்கலாம்," என்றார்.

போன மாதம், உன் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த சேவூர் பழனி, கண் மஞ்சளாக வந்து நின்றான். பச்சிலை குடித்தால் சரியாகிவிடும் என்றான்.

"பேசாத, ஜல்தி வண்டில ஏறு," என்று கத்தினேன்.

ஸ்கேனில் பித்தக் குழாயில் கல் தெரிந்தது. எடுத்துவிட்டார்கள்.

"ஒரு கல்லுக்குப் போயி இவ்ளோ பேஜார் பண்ணிட்டியேண்ணா," என்று படுக்கையில் கிடந்தபடி சிரித்தான்.

நானும் சிரித்துவைத்தேன். உனக்கும் வெறும் கல்லாக இருந்திருக்கக் கூடாதா என்று, பிழைத்தவன்மேல் பொறாமைதான் வந்தது. இதுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.