வெள்ளை வைன் பஞ்சும் ஒரு பகிடியும்

டிசம்பர் 20

விடியற்காலையிலிருந்து வாடைக்காற்று. கொடியில் காயப்போட்ட என் சாரம் பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாக நிற்கும்போது தரகரின் அழைப்பு. சிலாபத்து மாப்பிள்ளை வீட்டார் 26ஆம் திகதி வருகிறார்களாம். ஐந்து பேர். பெண் பார்க்க இல்லையாம், சும்மா நத்தார் சந்திப்பாம். சும்மா வருகிறவர்கள் வான் பிடித்தா வருவார்கள்? வேலியிலிருந்து இறங்கும் விதம் மறந்துபோய்விட்டது. மனுசி வந்து இறக்கினாள்.

மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் கேட்டது ஒரே கேள்வியாம். "தகப்பன் குடிப்பாரோ?" காணி கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. "வாயிலயே வைக்கமாட்டார்" என்றிருக்கிறார் தரகர். உண்மைதான், ஏழு வருடமாக. ஊருக்குச் சொல்வது, மாதாவுக்கு நேர்த்தி. உள்ளபடி, ஈரலைப் பற்றி டொக்டர் வெருட்டிய வெருட்டு.

மகள் ஜெனி (இனி ஜெ., கை நோகிறது) முன்பள்ளி ரீச்சர், இருபத்தைந்து வயது. மாப்பிள்ளை அன்ரன் வள்ளத்து எஞ்சின் திருத்துபவர். "நாலைஞ்சு தரம் போனில கதைச்சம். நல்ல மாதிரித்தான் தெரியுது, அப்பா" என்கிறாள். ஜெ. வாயிலிருந்து இது பெரிய சொல். ஆனால் நாலைந்து தரமா? ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 21

மழை. ஆலங்குடாக் கடற்கரை ஹொட்டேலில் இன்று வேலை குறைவு. (என் பதவி குசினி உதவி. ஆனால் நத்தார் வந்தால் வைனில் பழம் போட்டுக் கலக்கும் பஞ்ச் பானத்துக்கு நான்தான் மாஸ்டர். பட்டம் பிடித்துக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர் எல்லாம் என் கையால் குடித்தவர்கள். நான் வாயில் வைக்காமல் மணத்தையும் நிறத்தையும் பார்த்தே செய்வேன். மிச்சத்தை, குடிக்கிறவர்களின் முகம் சொல்லும்.)

காலையில் ஜெ. சொன்னது: "ஹொட்டேலில செய்யிற அந்த வெள்ளை வைன் பஞ்சை எங்களுக்கும் செய்யுங்கோவன், அப்பா."

மனுசி: "குடிக்காத தகப்பன் எண்டு சொல்லிப்போட்டு மேசையில வைனோ?"

ஜெ.: "குடிக்கவேண்டாம் எண்டது அப்பாவை. நத்தாருக்கு வாற ஆக்களுக்குக் கேக்கும் வைனும் குடுக்காம வேற என்னத்தைக் குடுக்கிறது?"

அதுவும் சரி. எங்கள் ஆட்கள் பாலும் சோறும் இல்லாவிட்டாலும் நத்தாருக்குக் கேக்கும் வைனும் வைப்பார்கள். அகதி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த வருடங்களில்கூட வைத்தோம்.

முதலாளி நாலு போத்தல் வெள்ளை வைன் தந்தார், நத்தார் பரிசு. சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது சுவாமியார் எதிரே. போத்தல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

தேவை:
அன்னாசி 2
தோடம்பழம் 10
தேசிக்காய் 6
மாதுளை 2 (சிவப்பு முத்து மிதந்தால்தான் நத்தார்)
கறுவாப்பட்டை, கராம்பு, சீனி
சோடா 6, கடைசி நிமிடத்தில், முந்தினால் நுரை செத்துவிடும்
ஐஸ் ???

டிசம்பர் 24

காலையில் புத்தளம் போய்ப் பழம் வாங்கினேன். சந்தையில் நெரிசல். தோடம்பழம் பத்தில் ஒன்று அழுகல், நான் பொறுக்கியது.

பின்னேரம் கொஞ்சம் செய்து பார்த்தோம். எனக்கு நாக்கு இல்லாதபடியால் மனுசிதான் நாக்கு. பிறந்ததிலிருந்து பூசை வைன்கூடத் தொடாதவள். முதல் கரண்டி: முகம் சுருங்கியது. "கசக்குது." சீனி போட்டேன். இரண்டாவது: "இன்னும் கொஞ்சம் தேசிக்காய்." மூன்றாவது: "பொறுங்கோ, வடிவாப் பாப்பம்." ஐந்தாவது கரண்டியோடு கதிரையில் இருந்துவிட்டாள். ஆறாவது கரண்டியை நான் நீட்டவில்லை, அவளாகவே எடுத்தாள். பிறகு என் மூக்கைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரித்தாள். இருபத்தேழு வருடத்தில் என் மூக்கைப் பற்றி அவளுக்கு இப்படி ஓர் அபிப்பிராயம் இருந்தது எனக்குத் தெரியாது. திகைத்துப்போனேன். ஜெ. வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அளவு பிடிபட்டது. எழுதி வைத்தேன்.

டிசம்பர் 25

நத்தார். பூசையில் நித்திரை தூங்கி முன் வாங்கில் தலை முட்டியது. பிரசங்கம் நல்லது என்றார்கள்.

ஐஸ் விசயம். எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் மீன் வாடி ஐஸ்தான். ஒரு கட்டி கொண்டுவந்து மூன்று தரம் கழுவி உடைத்து, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு மனுசியிடம் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பாரை" என்றாள். மீனின் பெயரையே சொல்லிவிட்டாள்! பஞ்சுக்குள் போட்டிருந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் மீன் குழம்பு குடித்திருப்பார்கள். முடிவு: பெரிய பேசினில் ஐஸ், அதற்குள் கண்ணாடிச் சட்டி, சட்டிக்குள் பஞ்ச். பாரை வெளியே, குளிர் உள்ளே.

பழங்கள் வெட்டிச் சீனியில் ஊறுகின்றன. வீடு முழுக்கக் கறுவா மணம். ஜெ. சீலைக்கு இஸ்திரி போடுகிறாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். இவள் பாடுவாளா?

டிசம்பர் 26

எப்படி எழுதுவது.

வந்தார்கள். பதினொரு மணி. தாய், தகப்பன், அன்ரன், தமக்கை, தமக்கை புருசன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கேக் நல்லது. பஞ்ச் மிக நல்லது. மாதுளை முத்து மிதந்தது, சோடா நுரைத்தது. அன்ரன் என்னிடம் கறுவா எப்போது போடுவது என்று கேட்டான். ஜெ.யைப் பார்க்கும்போது அவன் காது சிவந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

தகப்பன் பெரிய சத்தக்காரர். இரண்டாவது கிளாசில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணன், நீங்க எடுக்கேல்லையோ? சமைச்சவர் சாப்பிடாத கடையில நான் சாப்பிடுறேல்ல. ஒரு மிடறு. ஹரித?" சிங்களத்தில் 'சரியா?' என்று வேறு.

கிளாஸ் கையில் வந்துவிட்டது. தாய் என் கையையே பார்க்கிறா. குடித்தால் தாய் போச்சு. குடிக்காவிட்டால் தகப்பன் போச்சு. இப்படி இறுகிய நேரத்தில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பகிடி. அதிலும் ஒருநாளும் பிழைக்காத பகிடி. ஹொட்டேலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"நான் குடிச்சால் என்ன நடக்கும் தெரியுமோ? இவளுக்கு அப்ப ஆறு வயசு. புத்தளத்தில சப்பாத்து வாங்கிக்கொண்டு வாறம். பாலாவியில பஸ் மாறவேணும். இவளை பஸ் ஹோல்ட்டில இருத்திப்போட்டுக் கள்ளுத் தவறணையை எட்டிப் பாத்தன். எட்டிப் பாத்தது கொஞ்சம் நீண்டுபோச்சு. பிறகு பஸ் ஏறி வீட்ட வந்து, மனுசியிட்டச் சப்பாத்துப் பெட்டியைக் குடுக்கிறன். மனுசி திறந்து பாத்திட்டுக் கேட்டா, 'சப்பாத்து இருக்கு, கால் எங்க?'"

எல்லோரும் சிரித்தார்கள். தகப்பன் தொடையில் தட்டினார். அன்ரனும் சிரித்தான். நான்தான் எல்லோரிலும் பலமாகச் சிரித்தேன். "பத்து நிமிசத்தில அடுத்த பஸ் கொண்டக்டர் கொண்டந்து இறக்கினார், பாசல் வந்திருக்கு எண்டு!"

ஜெ. தட்டத்தை மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல.

"பத்து நிமிசம் இல்லை, அப்பா. ரெண்டு மணிக்கு இருத்தினீங்கள். பணிஸ் விக்கிற கடை முஸ்லிம் நானா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறேக்க அஞ்சரை."

நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். வாயை மூடத் தெரியவில்லை.

"சென்றியில நிண்ட ஆமிக்காரன் வந்து சிங்களத்தில பேர் கேட்டவன். எனக்கு விளங்கேல்ல. அழுதால் கொண்டுபோயிருவாங்கள் எண்டு நினைச்சு அழேல்ல. மூத்திரம் சட்டையோட போயிட்டுது. நானா தன்ர துவாயால சுத்திவிட்டு, கடையைப் பூட்டிப்போட்டு, வீடு மட்டும் வந்து விட்டவர். கொண்டக்டர் ஒருத்தரும் வரேல்ல."

மனுசியைப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாஸ் என் கையிலேயே இருந்தது. அன்ரனின் தாய்தான் எழும்பி வந்து வாங்கி மேசையில் வைத்தா. இரண்டரைக்கு வான் போய்விட்டது.

டிசம்பர் 27

காற்று விழுந்துவிட்டது. பஞ்ச் மிச்சம் அரைச் சட்டி. பழங்கள் கீழே கிடக்கின்றன. மனுசி பின்னால் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள்.

கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று. பத்தொன்பது வருடம்.

"நீங்க வந்து விழுந்து படுத்தனீங்கள். நான் றோட்டுக்கு ஓடி, வாற பஸ் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டன். பிள்ளை வந்து இறங்கேக்க நீங்க குறட்டை. காலமை கேட்டீங்கள், 'இவள் எப்படி வந்தவள்?' எண்டு. உண்மையைச் சொன்னால் வெக்கத்தில இன்னும் குடிப்பீங்கள் எண்டு நினைச்சு, கொண்டக்டர் கொண்டந்து விட்டவர் எண்டன்."

"பிறகாவது..."

"பிறகு நீங்க அதைப் பகிடியாக்கிப்போட்டீங்கள். எங்க சொல்லுறது?"

எட்டு மணிக்குத் தரகர். மாப்பிள்ளை வீட்டுக்கு விருப்பமாம். தாய் சொன்னாவாம், "உள்ளதை உள்ளபடி சொல்லுற பிள்ளை." தகப்பனுக்கு மட்டும் பஞ்ச் செய்யும் முறை வேணுமாம். மனுசி சிலுவை போட்டாள். நான் ஜெ.யின் அறை வாசலுக்கு ஓடினேன்.

ஜெ.: "நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல."

என்னாலேயா என்றேன்.

"அவரும் சிரிச்சவர், அப்பா."

"எல்லாரும்தானே சிரிச்சது, பிள்ளை. அவனுக்கென்ன தெரியும்?"

"ஓம். நீங்கதானே சிரிக்கப்பண்ணினது." கட்டிலில் கிடந்த சீலையை மடித்தாள். "நீங்க மறந்து விட்டிட்டு வந்தது எனக்குக் கோவமில்லை. அண்டைக்குக் குடிச்சிருந்தீங்கள். ஆனால் இந்த ஏழு வருசமும் ஒவ்வொரு தரமும் குடிக்காமத்தானே சொன்னீங்கள். ஒவ்வொரு வீட்டிலயும் நான் பக்கத்தில நிண்டு சிரிச்சன். இன்னொரு வீட்டிலயும் போய் அப்பிடி நிண்டு சிரிக்கவேணுமோ எண்டு யோசிக்கிறன்."

எத்தனை வீட்டில் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

சாப்பிடவில்லை. முதற்தரமாக, எழுத ஒரு பகிடியும் வரவில்லை.

டிசம்பர் 28

ஹொட்டேலுக்குச் சுகமில்லை என்று சொன்னேன். வீட்டில் ஹொட்டேல் என்று சொன்னேன். இந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பாலாவி.

1.50 இறங்கினேன். வெயில் நெற்றியில் அடிக்கிறது. சிமெந்து லொறி, உப்பு லொறி. ஹோல்ட் புதிது, இடம் அதேதான். பணிஸ் கடை இல்லை; போன் கடை. அந்தப் பையனுக்கு நானாவைத் தெரியாது. பெயர்கூட எனக்குத் தெரியாதே, எப்படி விசாரிப்பது? நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை, பத்தொன்பது வருடம்.

2.00 இருந்தேன்.

2.25 இருபத்தைந்து நிமிடம் இவ்வளவு நீளமா? இதற்குள் எங்கள் பக்கம் போகும் கல்பிட்டி பஸ் ஒன்று போய்விட்டது. அவளுக்கும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். எதில் ஏறுவது என்று தெரியாது. ஏறினாலும் டிக்கட்டுக்குக் காசு இல்லை.

3.10 ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. கையில் போன், சட்டைப்பையில் காசு, மூன்று பாஷையிலும் நான் மடையன் என்று சொல்லத் தெரியும். (பார், இதிலும் பகிடி. வெட்ட வேண்டும்.)

3.40 முச்சக்கரவண்டிக்காரன் வந்து "கொஹெத யன்னே?" என்றான். எங்கும் போகவில்லை என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தான். கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. அவன் கையில் துவக்குக்கூட இல்லை.

4.15 எதிரே ஒரு சின்னப் பெண், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆறு வயது இருக்கும். இவ்வளவு சின்னதா ஆறு வயது? என் கணக்கில் அவள் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தாள். தாயின் நெஞ்சளவுகூட வரவில்லை.

எழும்பிப் போகலாம் போல இருக்கிறது. போகவில்லை.

4.50 போன் அடித்தது. ஜெ.

"அப்பா, அவர் போன் எடுத்தவர். 'உங்கட அப்பாவே சிரிச்சுச் சொன்னார், அதால சிரிச்சிட்டன். அண்டைக்கு முழுக்கச் சாப்பாடு ஒண்டும் இறங்கேல்ல'யாம். பிறகு அந்த நானாவைப் பற்றிக் கேட்டவர். நான் எல்லாம் சொன்னன். பேசாமக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஓம் எண்டிட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா? ஹொட்டேலில நீங்க இல்லை எண்டினம். எங்க நிக்கிறீங்கள்?"

"பாலாவியில."

"பாலாவியில எங்க?"

"ஹோல்ட்டில."

லொறி ஒன்று போய் முடியும் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"எத்தனை மணிக்கு வந்தீங்கள்?"

"ரெண்டுக்கு."

"அங்கயே இருங்கோ, அப்பா. நான் பஸ் ஏறுறன்."

5.05 இருக்கிறேன்.