பிக்கப்புக்குப் போன தலையெண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவைக் கேட்டால் "நல்லா இருக்கா" என்றுதான் சொல்வார். நீயே எழுது.

போன வாரம் கம்பெனி பிக்கப் வண்டியை வாசல் கேட்டில் உரசிவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, சக்கரத்துக்கு மேலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில்தான் வெள்ளைக் கீறல். மேலாளர் பார்த்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார். மெக்கானிக், "தேங்காயெண்ணெய் தடவுங்க மேடம்" என்றார். நம்பிக்கையில்லாமல்தான் தடவினேன். கீறல் மறைந்தது, ஆனால் அந்தப் பட்டை மட்டும் குளித்தெழுந்த எருமைபோல் மினுங்கியது. வேறு வழியின்றி மற்ற மூன்று சக்கரப் பட்டைகளுக்கும் தடவினேன். நீ தலைக்குக் கொடுத்த பாட்டில் காலி.

மேலாளர் வண்டியைச் சுற்றி வந்து, "இனிமே மத்த ரெண்டு வண்டியையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

மழை பெய்தால் எண்ணெய் கழுவிப்போய்க் கீறல் தெரியும், அதற்கு முன் மூன்று பாட்டில் அனுப்பு. ஒன்று என் தலைக்கு. தடவிவிட ஆளில்லை, இருந்தாலும் அனுப்பு.

ஹாரன் அடிக்கிறார்கள், கிளம்புகிறேன்.

உன் மகள்