நின்றாள்பட்டி அம்மன் ஏன் நின்றாள்

ஆகஸ்ட் 3
பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: எங்கள் வீட்டு நாய் இன்று காலை என் இடது செருப்பைத் தின்று முடித்தது. வலது செருப்பு நலம். ஆறுதல் கூற வருவோர் இடது செருப்போடு வரவும்.

சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. பவானி அக்காவுக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். பெரியப்பா வந்து வேண்டாம் என்றுவிட்டார்.

காரணம் எங்கள் ஊர்ப் பேர். மேகமலைக்குக் கிளம்பிய அம்மன் ஊர் எல்லையில் நின்று கல்லாகிவிட்டாளாம். அதனால் நின்றாள்பட்டி. "ஆத்தாளே எல்லையத் தாண்டல. கல்யாணம் ஆகாத பிள்ள வெளியூர்ல போயி ராத் தங்கலாமா?" என்றார். கோயிலில் அவர் வைத்ததுதான் சட்டம். அண்ணன் முன்னால் அப்பா வாய் திறந்ததே இல்லை.

ஆகஸ்ட் 4
அக்கா சாப்பிடவில்லை. அவள் அப்பளத்தையும் நானே தின்றேன். ருசிக்கவில்லை. நமுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6
கோயிலுக்குப் போய் அம்மனை நன்றாகப் பார்த்தேன். முகம் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. போகப் பயந்தவள் ரோட்டையா பார்ப்பாள்? யாரோ வருவார்கள் என்று காத்திருப்பவள்தானே அப்படி நிற்பாள் —

கதை கையில் சிக்கிவிட்டது. அக்கா போனால் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. அதற்காகத்தான். பாசமெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 7
திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டும் ராக்கம்மாள் அத்தையிடம் அவிழ்த்துவிட்டேன். "அத்தை, அம்மன்கூட ஒரு தங்கச்சியும் வந்துச்சாம். வைத்தியம் படிக்க அவள அனுப்பிட்டு, திரும்பி வார வரைக்கும் காவலுக்கு ஆத்தா இங்கனயே நின்னுருச்சாம்."

"யாருலே சொன்னது?"

"கோம்பையில ஒரு பெரியவுக சொன்னாக."

ஆகஸ்ட் 11
கதை ஊரைச் சுற்றி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. நான் வெறுங்கையோடு அனுப்பிய தங்கச்சியிடம் யாரோ புளியோதரைப் பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். "எங்க ஆத்தா காலத்துலயே சொல்லுவாக" என்கிறாள் அம்மா. கதைக்கு வயது நாலு நாள்.

சர்ச் தெருவிலிருந்து ஜாஸ்பர் வந்தான். "ஏலே, எங்க தெருவுலயும் இதே பேச்சுத்தான். உங்க ஆத்தா எங்களுக்கும் சொந்தமாயிரும் போலருக்கு."

ஊருக்குச் சரித்திரம் எழுதிய தரித்திரம் நான்.

ஆகஸ்ட் 15
பள்ளிக்கூடத்தில் கொடியேற்று மிட்டாய். கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிப் பொங்கல். எல்லோர் முன்னாலும் அப்பா பேசினார்.

"அண்ணே, ஆத்தா தடுக்கிறதுக்கு நிக்கல. தங்கச்சிய அனுப்பிட்டுக் காவலுக்கு நிக்கிறா. முகத்தப் பாருங்க."

பெரியப்பா அம்மனை வெகுநேரம் பார்த்தார். "அந்தத் தங்கச்சி பேரென்ன?"

நான் பேர் வைக்கவே இல்லை.

"மருந்தாயி" என்றார் அப்பா, இமைக்காமல். ஊர் சுற்றியதில் பேரும் ஒட்டிக்கொண்டது போலும்.

"சரி. துண்ணூறு பூசி அனுப்பு" என்றார் பெரியப்பா.

குறித்துக்கொள்ளவும்: பெற்ற அப்பன் உட்பட ஊரையே ஏமாற்றிய மாமேதை, வயது பதினாறு.

ஆகஸ்ட் 19
அக்காவை பஸ் ஏற்றிவிட்டோம். அம்மா துணைக்குப் போயிருக்கிறாள். திரும்பி நடக்கையில் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"கோம்பையில யாருலே அந்தப் பெரியவுக?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

"ராக்கம்மா அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிருச்சு. புளியோதரைப் பொட்டலம் அது கட்டிவிட்டதுதான். இனிமே கதை கட்டுனா ஆளுக்கு ஒரு பேரு வையிடா. அண்ணன் கேட்டதும் எனக்கு உசுரே போயிருச்சு."

அம்மாவுக்கும் தெரியுமாம். ஆக, ஏமாந்தவன் என்று ஒருவன் இருந்தால் அது மேற்படி மாமேதைதான். பஸ் கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டவனும் அவனே. தூசி என்று சொல்லிவைத்தேன். விடியற்காலையிலிருந்து சாரல், ரோடு முழுக்க நனைந்து கிடந்தது.