பண்ணையில் இல்லாத சேவல்

அண்ணா,

இன்றைய பேப்பரில் உங்கள் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வந்திருக்கிறது. கன்னத்தில் கை வைத்த அதே பழைய படம். கீழே கொட்டை எழுத்தில், 'இளைஞர்களைச் செதுக்கிய விளம்பரச் சிற்பி'. டீக்கடையில் நின்று படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். செதுக்கினீர்கள் என்பது உண்மைதான். எதை வெட்டி எறிந்தீர்கள் என்பதைத்தான் போடவில்லை.

சேலத்தில் உங்கள் விளம்பரப் பட ஆபீசில் எடிட்டராகப் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒவ்வொரு மீட்டிங்கையும், "தாராளமாப் பேசுங்க சாமி, ஐடியாவுக்கு வயசு கெடையாது" என்று ஆரம்பிப்பீர்கள். அதன்பிறகு நீங்கள் மட்டும் பேசுவீர்கள். நாங்கள் தலையாட்டுவோம். அதற்குப் பெயர் கலந்தாலோசனை.

கோகிலா வந்து சேர்ந்த முதல் வாரம், ஒரு துணிக்கடை விளம்பரத்தில் கடைப் பெயரைத் தப்பாக அடித்துவிட்டாள். யாரும் கண்டுபிடிக்கும் முன்பே உங்கள் அறைக்கு வந்து, "நாந்தானுங்க சார், கவனிக்காம உட்டுட்டேன்" என்றாள். நீங்கள் அரை மணி நேரம் புத்தி சொன்னீர்கள். அந்தப் பெண்ணிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒரே பாடம் அன்றைக்கு உங்கள் எதிரிலேயே நின்றது. அதைத்தான் திட்டி அனுப்பினீர்கள்.

அப்புறம் அந்த நாமக்கல் கோழித்தீவன விளம்பரம். விடியற்காலை, சிவந்த வானம், பெரிய சேவல் ஒன்று கொண்டையை நிமிர்த்திக் கூவ வேண்டும் என்றீர்கள்.

"சார், முட்டைப் பண்ணையில சேவலே இருக்காதுங்க. சேவல் இல்லாமயே கோழி முட்டை போடுமுங்க. எங்கூட்டுலயே பண்ணைதானுங்க" என்றாள் கோகிலா.

"கேமராவுக்குக் கம்பீரம் வேணும், புள்ள. கோழி என்னத்தக் கம்பீரமா நிக்கும்? நீ போய் டீ சொல்லு."

படத்தை நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் போட்டார்கள். சேவல் கூவியதும் முன்வரிசையில் ஒருவர், "ஏனுங்க, இந்தத் தீவனத்தப் போட்டா சேவலும் முட்டை போடுமுங்களா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. தீவன முதலாளி உங்களைப் பார்த்தார். நீங்கள் கொஞ்சமும் கூசாமல் மைக்கை வாங்கி, "சின்னப் புள்ளைங்கள நம்பி உட்டது என் தப்புங்க. இது கோகிலா யோசனை" என்றீர்கள். அத்தனை பெரிய மனசு.

அவளுடைய அப்பா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும், பறிபோன வேலையைக்கூட அவள் உங்களிடம் திருப்பிக் கேட்கவில்லை. "எங்கப்பாகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிப்போடுங்க சார். பண்ணைக்காரன் புள்ளைக்கு இதுகூடத் தெரியலையான்னு தலை குனிஞ்சுட்டுப் போறாருங்க" என்றாள். நீங்கள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டீர்கள். நான் போய் அவரிடம் சொன்னேன். "நீங்க நல்ல மனுசன், எம்புள்ளைக்காகச் சொல்றீங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். உங்கள் வாயால் வந்தால்தான் அது செல்லும்.

நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோதும் கேட்டேன். என் போனில் அவளுடைய அப்பா நம்பரை அழுத்தியே நீட்டினேன். "அதெல்லாம் அவிங்க மறந்திருப்பாங்க சாமி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மறக்கவில்லை அண்ணா. கோகிலா இன்று கோயமுத்தூரில் பெரிய ஆளாக இருக்கிறாள். அவளுடைய அப்பா இன்னமும் அந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. சாகப்போகிறவர் மீது இவ்வளவு வெறுப்பு வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது திருச்செங்கோட்டில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு போர்வெல் வண்டிக்காரருக்கு எடுத்த படத்தில், என்னிடம் வேலை பார்க்கும் நந்தினி வேண்டாம் என்று சொன்ன பாட்டை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். அவர் போனில் வறுத்தெடுத்தார். நந்தினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டு, "தப்பு என்னுதுங்க. இந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு, நாந்தான் கேக்கல" என்றேன்.

"செரி, மாத்திக் குடுங்க" என்று வைத்துவிட்டார்.

இவ்வளவுதான் அண்ணா. இதற்குத்தான் நீங்கள் சாகும்வரை பயந்தீர்கள்.