அக்காவின் மரத்துக்கு ஊற்றிய தேத்தண்ணீர்

என் அன்பு அக்காவுக்கு,

நீ சட்டியில் குட்டையாக வளர்த்த தேயிலை மரம் சாகக் கிடக்கிறது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். வரவில்லை.

நீ கொழுந்து எடுத்த மலையில் பழைய தேயிலையைத் தோட்டத்தார் பிடுங்கியபோது, உன் நிரையில் நின்ற கட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றி லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கம்பி கட்டி, கிளையை வளைத்து, வருடக்கணக்காக மெனக்கெட்டு முழங்கை உயரத்தில் ஒரு போன்சாய் ஆக்கினாய். நாள் முழுக்கத் தேயிலையோடு மாரடித்துவிட்டு வீட்டிலும் தேயிலையா என்று உன்னைக் கேலி செய்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, தினமும் காலையில் உனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் படைத்து, அதை அந்த மரத்தடியில் ஊற்றினேன். உனக்குப் பிடித்த மாதிரி சீனி தூக்கலாக. இலை பழுத்தது. உனக்கு இன்னும் மனக்குறையோ என்று சாயங்காலமும் ஊற்றினேன். வாசல் இஸ்தோப்புத் திண்ணை நனையக்கூடாதென்று சட்டிக்கு அடியில் தட்டு வேறு வைத்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதே என் பிழைப்பு. இந்த ஒற்றை மரத்தில் கோட்டை விட்டேன்.

உன் தம்பி பெண்டாட்டி லெட்சுமிதான் சத்தம் போட்டாள். "எறும்பு மொய்க்குது, மண்ணு நாறுது. மதினிக்கு ஊத்துறேன்னு மரத்த அழுக வச்சிட்டீங்களே! தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். வேர் கறுத்து, கையோடு வழுக்கி வந்தது. அழுகியதை வெட்டியபின் விரல் நீளத்தில் இரண்டே வெள்ளை வேர் மிச்சம். அது அத்தனை கிளைக்கும் சோறு போடாது, மேலேயும் குறைக்க வேண்டும். நீ வளைத்த கிளைகள், அக்கா. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வெட்டுங்க. மதினி இருந்தா வெட்டியிருப்பாங்க" என்றாள்.

வெட்டினேன். உன் கம்பித் தழும்பு உள்ள ஒரு கிளையை மட்டும் விட்டேன். செங்கல் துணுக்கும் ஆற்று மணலும் போட்டு நட்டு, பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்திருக்கிறேன்.

ஏன் அப்படி ஊற்றினேன் என்று லெட்சுமிக்குத் தெரியாது. உன் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரியில் தண்ணீரையும் அளந்தே கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "தம்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடுடா" என்றாய். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குத் தாரேன்க்கா" என்றேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். டாக்டரை நான் கேட்கவே இல்லை. அசட்டுத் தைரியத்தில் மறுநாள் பிளாஸ்கோடு வந்தேன். கட்டில் காலியாக இருந்தது.

ஒரு வாய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் இரண்டு நாள் குறைந்திருக்குமா? அந்த இரண்டு நாளும் உனக்குக் கிடைக்கத்தான் இல்லையே.

இன்று காலை அந்தக் கிளையை நகத்தால் கீறிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் கொஞ்சம் பச்சை இருக்கிறது. துளிர் எதுவும் இல்லை. பிழைக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வெறும் தண்ணீர் ஊற்றுவேன். உனக்குப் படைக்கும் தேத்தண்ணீரை நானே குடிப்பேன். இன்று குடித்தேன். உனக்குப் பிடித்த மாதிரி சீனி தூக்கலாகவே, அக்கா.

பிளாஸ்கோடு பிந்தி வந்த உன் தம்பி,
முருகேசு