குமருவின் சீட்டை மாற்றிய ஞாயிறு

வண்ணார்பேட்டை,
புதன்கிழமை

அன்புள்ள சித்ரலேகாவுக்கு,

மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் பிள்ளை குமரு நன்றாக இருக்கிறான், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது உனக்கு அது வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறுவதற்கு முன், "இவனுக்கு இந்தப் புதுச் சீட் இன்னும் ஆகாது" என்று உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. போனில் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன சீட்டில் தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை மாட்டினால் ஒரு மாதமாகவே அழுகிறான், அது பாப்பா சீட்டாம். ஞாயிறன்று ஏரலில் ஒரு கல்யாணம், உன் அத்தை ஞானம்பாளும் எங்களோடு வந்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து, "இதென்ன, கோழியக் கட்டுத மாதிரி கட்டுதிய, பறந்தா போயிருவான்?" என்றார்கள். உன் அப்பா சனிக்கிழமையே ஒரு பூஸ்டர் சீட் வாங்கி வைத்திருந்தார். அதற்கென்று பட்டை கிடையாது, பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து, பெரியவர்கள் போடும் கார் பெல்ட்டையே போட வேண்டும். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது செய்வதுபோல, வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டான். "எட்டிட்டு பாத்தியா, அஞ்சு வயசும் நடக்குது, பெறவென்ன?" என்றார் நம் வீட்டுத் தலைமையாசிரியர். அத்தை, "அப்பிடியே லைசென்ஸும் எடுத்துக் குடுத்துரு தம்பி" என்று சிரித்தார்கள்.

அவன் தலையைச் சாய்த்துத்தான் தொட்டான், நான் பார்த்தேன். அஞ்சு நடக்கிறதே தவிர, நாலு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எடை பதினாலரை கிலோ. பெட்டிக்குள் இருந்த தாளோ பதினெட்டு கிலோ இருக்க வேண்டும், வழி முழுக்கச் சரியாமல் நிமிர்ந்து உட்காரவும் வேண்டும் என்கிறது. அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள் நான், அதையும் முதல் நாளே படித்திருந்தேன். ஆனால் அத்தை முன்னால் வாயைத் திறந்தால், பெற்றவளுக்கு இல்லாத அக்கறை இவளுக்கு என்ன என்று வந்துவிடுமோ என்று இருந்துவிட்டேன். இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த பத்து வருடமாக நான் பயப்படுவது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

செய்துங்கநல்லூர் வரை நிமிர்ந்துதான் வந்தான். பிறகு தூங்கிச் சரிந்தான், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறியது, தோள் பட்டை கழுத்தில் வந்து நின்றது. நான் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன், அப்போதும் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆடுகள் குறுக்கே வர, அப்பா பிரேக் போட்டார். என் விரல்கள் நசுங்கின, அவன் கழுத்து ஓரமாகச் சிவந்து தடித்துவிட்டது, சிறிது நேரம் அவனுக்குச் சத்தமே வரவில்லை. பிறகு அழுதான். ஸ்ரீவைகுண்டத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், தோல்தான் உரசியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் அப்பா, "ஏட்டி, தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?" என்றார். சொன்னால் கேட்டிருப்பீர்களா என்றேன். "கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லிருக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை வீடியோவில் அவன் காலர் வைத்த சட்டை போட்டிருந்தான் அல்லவா, அதைப் போட்டுவிட்டதும் நான்தான்.

நீ அவன் தாய், முடிவு உன்னுடையது. பழைய சீட்டின் தோள் பட்டையை ஒரு படி மேலே ஏற்றினால் சரியாக வருகிறது, எடையும் நிமிர்ந்து உட்காரும் பொறுமையும் வரும்வரை அதிலேயே போகட்டும் என்பது என் எண்ணம். கோபத்தை என்னிடம் காட்டு, அப்பாவிடம் வேண்டாம், அவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். பழைய சீட்டின் கையேடு உன்னிடம் இருந்தால் படம் எடுத்து அனுப்ப மறக்காதே.

உன் சித்தி,
சங்கரி

பி.கு. இன்று காலை அப்பா அவனைப் பழைய சீட்டில் கட்டித்தான் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஆற்றுப்பாலம் வரை அழுதானாம்.