டிவி பெரிசா இருந்தா அரிசி கிடையாது

என்னைத் திட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு அனுப்பாத என் அருமை சவரி அண்ணே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? அங்கே மோட்ச வாசலில் வரிசையில் நிற்பவர்களைக் காட்டி, "இவங்க எல்லாருக்கும் இடம் குடுக்கணுமா? நல்லா விசாரிச்சீங்களா?" என்று இராயப்பரையே குடைந்துகொண்டிருப்பீர்கள். பாவம், அவர் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போயிருப்பார்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் நினைவுப் பூசைக்குப் பங்குக் கோயிலில் சிறுமலர் ஒன்று அச்சிடுகிறார்கள். "அவர் வாலைப் பிடிச்சுக்கிட்டே சுத்துனவன் நீதான், நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணே, ஊருக்கே தெரியும். உங்களிடம் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. மற்றவர்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதல் செய்தி, நீங்கள் தொடங்கிய அரிசிக் குழு கலையவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம், அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கும் ஓரறை வாடகை வீடுகளுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். தலைமை யார் தெரியுமா? உங்கள் வீட்டம்மா, எங்கள் ஃபிலோ அண்ணி! "அவர் போயிட்டா அரிசி போயிடுமா? நான் இல்ல?" என்று எழுந்து நின்றார். உங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் பிஸ்கட் பொட்டலம் தூக்கி வந்தவரா இவர் என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். அண்ணி அரிசிப் பையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, உங்கள் சட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

அந்தச் சட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கதவு திறந்ததும் உங்கள் வாய் வணக்கம் சொல்லும், கண் அவர்கள் தோளைத் தாண்டிச் சுவருக்குப் போகும். "தம்பி, டிவி பெரிசா இருந்தா அரிசி கிடையாது. டிவி வாங்கத் தெரிஞ்சவனுக்கு அரிசி வாங்கத் தெரியாதா?" ஏர்கான் இருந்தால் பிஸ்கட்டும் கிடையாது. ஒரு தடவை ஒரு மலாய்க்கார அக்கா வீட்டில் இரண்டு கதவு ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு, படி இறங்கி முடிக்கும்வரை என்னிடம் சண்டை போட்டீர்கள், ஏதோ நான்தான் அதை வாங்கிக் கொடுத்தது போல.

அதே நீங்கள், அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் வவுச்சர் கொடுத்தபோது முதல் ஆளாகத் தேக்கா சந்தையில் போய் நின்று ஆட்டுக்கால் வாங்கினீர்களே! "இது மட்டும் என்னண்ணே?" என்று கேட்டேன். "இது உதவி இல்லடா, போனஸ். உதவிங்கிறது ஏழைங்க வாங்குறது" என்றீர்கள். நானும் சிரித்தேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டுக்கால் சூப்பை இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தேன், பொய் சொல்லக்கூடாது.

இனி என் கதை. குவீன்ஸ்டவுனில் என் அக்கா வீட்டில் இருந்தேன் அல்லவா? நீங்கள் போன கொஞ்ச நாளில் அக்காவும் போய்விட்டார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். கல்யாணமும் பண்ணாமல், சொந்தமாக ஒரு வீடும் வாங்காமல், காவலாளி வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் எங்கே போவேன்? அக்கா மகன் தங்கமான பையன், தீவின் அந்தக் கோடியில் பொங்கோலில் புது வீடு வாங்கியிருந்தான். "மாமா, நீங்க பொங்கோலுக்கு வந்துடுங்க லா, எங்க வீட்ல ரூம் இருக்கு" என்றான். ரூம் இருந்தது. ஜன்னல்தான் இல்லை, இரும்புக் கதவு இருந்தது. பாம் ஷெல்டர் அண்ணே! போர் வந்தால் குண்டுக்கு ஒளிந்துகொள்ளப் புது வீடுகளில் கட்டி வைத்திருக்கிறார்களே, அது. எனக்கு ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் குழந்தையின் தள்ளுவண்டி, தலைமாட்டில் கிறிஸ்துமஸ் மரம். போர் வந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் வரவில்லை.

மூச்சு முட்டிப்போய் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தேன். தனி ஆள் என்பதால் இன்னொரு தனி ஆளோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்றார்கள். இப்படியாக, பெண் பார்க்கவும் போகாமல், கோயிலில் கல்யாண ஓலையும் வாசிக்காமல், அறுபது தாண்டி எனக்கு ஒரு ஜோடி அமைந்தது. ஆ ஹெங் என்று பெயர். லாரி ஓட்டிய சீனர், இப்போது கால் சரியில்லை. என் தமிழ் அவருக்குத் தெரியாது, அவருடைய ஹொக்கியன் எனக்குத் தெரியாது. சந்தை மலாயும் உடைந்த ஆங்கிலமுமாகக் குடும்பம் நடத்துகிறோம். நான் ஜெபமாலை சொல்லும்போது அவர் டிவி சத்தத்தைக் குறைப்பார். அவர் குறட்டை விடும்போது நான் குறைக்க ஒன்றும் இல்லை.

வீடு எங்கே தெரியுமா? நம் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். நாம் அரிசி தூக்கிக்கொண்டு போவோமே, அந்த அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பக்கத்து புளோக்.

இதைப் பங்கில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? "வாடகை வீட்டு ஆளுங்க" என்று நாம் எப்படியெல்லாம் பேசியிருக்கிறோம்! அந்த வெட்கத்தை எனக்கு ஊட்டி வளர்த்ததே நீங்கள்தான் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டவர்களிடம் எல்லாம், "பொங்கோல்ல இருக்கேன், காத்து பிச்சுக்கிட்டுப் போகுது" என்று அளந்தேன்.

அங்கேதான் வினை பிடித்தது. குழுவில் ஜெரோம் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். திருச்சிக்காரர், கணினி வேலை, மனைவி மக்களோடு வந்தவர், காரும் வைத்திருக்கிறார். "அங்கிள், நீங்க பொங்கோலா? நானும் பொங்கோல்தான்! வாங்க, நான் டிராப் பண்றேன்." மாட்டிக்கொண்டேன். ஞாயிறு தவறாமல் என்னைக் காரில் ஏற்றி, அக்கா மகன் புளோக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை நின்று கையசைப்பார். அவ்வளவு மரியாதை! சீக்கிரம் போய்த் தொலையவும் மாட்டார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, கார் போனதைப் பார்த்துவிட்டு, ரயிலேறி லிட்டில் இந்தியாவில் வந்து இறங்குவேன். கோயிலிலிருந்து காலாற நடந்தால் வந்துவிடக்கூடிய வீட்டுக்குப் பாதித் தீவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வேன். ஒரு நாள் அக்கா மகனின் மனைவி பார்த்துவிட்டார். "மாமா, மேல வராம தூண் பக்கத்துல என்ன பண்றீங்க?" "காத்து வாங்குறேன்மா" என்றேன்.

போன மாதம் அண்ணி என் தலையில் இடியை இறக்கினார். இனி எங்கள் புளோக்குக்கும் அரிசி கொண்டுபோகிறோமாம். "அங்க எல்லாம் வசதியானவங்க அண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன். "வாடகை வீட்ல ஏது அல்போன்ஸ் வசதியானவங்க?" என்று ஒரே போடாகப் போட்டார்.

ஓடிப்போய் ஆ ஹெங்கிடம் கெஞ்சினேன். சனிக்கிழமை எங்காவது வெளியே போய்விடு, முடியாவிட்டால் என்னைத் தெரியாதது போல் இரு. "கேன் லா, கேன், யூ டோன் வொர்ரி" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பார்த்து நல்ல மழை. கால் வலியோடு மனிதர் எங்கே போவார்? அண்ணியும் ஜெரோமும் பக்கத்தில் நிற்க, கையில் எண்ணெய் டின்னோடு என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். கதவு திறந்தது. ஆ ஹெங் மற்ற இருவரையும் பார்க்கவே இல்லை. நேராக என்னைக் கை காட்டி, "வாஹ்! ஹூ இஸ் திஸ் அங்கிள்? ஐ நெவர் சீ பிஃபோர்!" என்றார். யாரும் கேட்காமலேயே. அதோடு விட்டாரா? "வெரி ஹேன்சம்" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

அண்ணியின் கண் அதற்குள் சுவருக்குப் போய்விட்டது. அண்ணே, எங்கள் டிவி பெரிது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. யாரோ கீழே குப்பை மூலையில் போட்டுவிட்டுப் போனதை ஆ ஹெங் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வலது பக்கம் தட்டினால்தான் படம் வரும், வந்தாலும் எல்லா முகமும் பச்சை. செய்தி வாசிக்கும் பெண்ணை நான் இதுவரை மனித நிறத்தில் பார்த்ததில்லை.

"அடேயப்பா, இவ்ளோ பெரிய டிவியா!" என்றார் அண்ணி. "ஜெரோம், பையை எடுங்க. அடுத்த வீட்டுக்குப் போவோம்."

ஜெரோம் நகரவில்லை. "டிவி இருந்தா என்ன ஆன்ட்டி? எங்க ஊர்ல கவர்மென்ட்டே வீட்டுக்கு வீடு டிவி குடுத்துச்சு. அரிசியும் குடுத்துச்சு. மாடி வீட்டுக்காரங்களும் வந்து வரிசையில நின்னாங்க. அரிசி வேணும்னா டிவிய திருப்பிக் குடுன்னு யாரும் கேக்கலையே!"

"அது உங்க ஊரு. இது சிங்கப்பூர்" என்றார் அண்ணி. அப்படியே உங்கள் குரல் அண்ணே.

பேச்சு புரியாவிட்டாலும், பை திரும்பிப் போவது ஆ ஹெங்குக்குப் புரிந்துவிட்டது. "தாக் அபா, தாக் அபா" என்று மலாயில் பரவாயில்லை சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தப் போனார். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிற மனிதர். அன்று காலை அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டித்தான் அவருக்குக் கஞ்சி வைத்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் அவருக்கு அரிசி கிடைக்கும், என் மானம் போகும். எண்ணெய் டின்னைக் கீழே வைத்தேன். பிறகு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்!

"நில்லுங்க அண்ணி!"

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனேன். தலையணைக்கு அடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அமுக்கி, டிவியின் வலது பக்கம் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பச்சை முகத்தோடு ஒருவர் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

"பாத்துக்குங்க, இதுதான் நீங்க சொன்ன பெரிய டிவி!"

"அல்போன்ஸ்," என்றார் அண்ணி மெதுவாக, "இந்த வீட்டு டிவிய எங்க தட்டணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா இது என் வீடு. அந்தக் கட்டில் என்னுது. நான் பொங்கோல்ல இல்ல. நானும் வாடகை வீட்டு ஆளுதான் அண்ணி, போதுமா?"

ஜெரோம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ அங்கிள்... இவ்ளோ நாளா நான் உங்கள எங்க டிராப் பண்ணேன்?"

ஆ ஹெங் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நவ் ஐ நோ யூ, ஆர் ஸ்டில் டோன் நோ?" என்று காதில் கேட்டார், இனியாவது என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளலாமா என்று.

அண்ணி உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். காரிலிருந்து இன்னொரு பை எடுத்துவரச் சொல்லி ஜெரோமைக் கீழே அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் கேட்டார்.

"அல்போன்ஸ், இந்த மாதிரி வீடு கிடைக்க ரொம்ப நாள் ஆகுமா?"

"யாருக்கு அண்ணி?"

"சும்மாதான் கேட்டேன்." மெத்தை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே, "நான் சோபாவுலதான் படுக்கிறேன். அவங்க எல்லாரும் டிவி பாத்து முடிச்சாத்தான் எனக்குத் தூக்கம்" என்றார்.

அண்ணே, உங்கள் மகனை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் போனதும் பழைய வீட்டை விட்டுப் புது வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு அறை, பணிப்பெண்ணுக்கு அறை, கணினி வேலைக்கு ஓர் அறை, அண்ணிக்கு சோபா. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உங்கள் ஃபிலோ அந்தச் சோபாவில் படுத்து எழுந்து வந்துதான், ஊரில் யாருக்கு அரிசி கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தகுதி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆ ஹெங் என்ன ஏது என்று தெரியாமல் எங்கள் இருவருக்கும் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நிஜமாகவே கேட்கிறேன். அந்தச் சோபாவில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று உங்கள் சட்டம் சொல்கிறது?

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் காட்டினேன். சோபாவைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். படித்துவிட்டு, "என் சோபா எங்க?" என்றார். "வேணாம் அண்ணி, எல்லாரும் படிப்பாங்க" என்றேன். "படிக்கட்டும். நான் என்ன திருடவா போறேன்? வாடகை வீடு கேக்கப் போறேன்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். நாலு பேரு என்ன சொல்லுவாங்கம்மா, நான் என்னமோ உங்கள தெருவுல விட்ட மாதிரின்னு கத்துறான். அது அவன் குத்தம் இல்ல அல்போன்ஸ். எங்க வீட்ல வளந்த பயம்தானே அது? எழுது, அவருக்கும் தெரியட்டும்."

எழுதிவிட்டேன். பூசைக்கு உங்கள் மகன் முதல் வரிசையில் இருப்பான். மலரைப் பிரித்துப் படிப்பான். அண்ணே, அன்றைக்கு மட்டும் தயவுசெய்து எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

திங்கட்கிழமை அண்ணியை அழைத்துக்கொண்டு, வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். மகன் இருக்கும்போது வாடகை வீடு எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும், அண்ணி பதில் வைத்திருக்கிறார். கிடைக்குமோ கிடைக்காதோ, எத்தனை தடவை அலைய வேண்டியிருந்தாலும் நான் கூடவே போவேன். கிடைத்துவிட்டால், முதல் அரிசிப் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு சத்தியம் செய்கிறேன் அண்ணே. கதவைத் தட்டிவிட்டு, உங்கள் ஃபிலோ எழுந்து வந்து "உள்ள வா" என்று சொல்லும்வரை வெளியிலேயே நிற்பேன். அது அவர் வீடு.

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
அல்போன்ஸ்